நத்தானியேல் அண்ணன் எத்தனை வருஷம் குடித்தார்?

மே 12, செவ்வாய்

கிளாட்சன் அண்ணாவே எனக்கு போன் பண்ணிவிட்டார், கொல்லிமலைக்கு மறுபடியும் போகிறோம், இந்தத் தடவை முழு வீடியோவும் என் பொறுப்பு மக்களே!!!

குரூப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு: நான் எப்சி. தூத்துக்குடி. வயது இருபத்தொன்று. எடிட்டிங் எங்கேயும் போய்ப் படிக்கவில்லை. ஓரம் உடைந்த ஒரு போனில் யூடியூபைப் பார்த்துப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்டேன். கிறிஸ்தவப் பாடகர் கிளாட்சன் அண்ணாவின் ஒவ்வொரு பாட்டும், மேடைக்கு மேடை அவர் எந்த இடத்தில் மூச்சு விடுவார் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். அவர் என் சேனலை ஃபாலோ செய்த அன்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் பாம்பு என்று ஓடி வந்தார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன், ப்ளஸ் டூ முடித்த கையோடு, அண்ணா நடத்தும் எக்காளம் வாலிபர் குழுவுடன் ஐந்து நாள் ஊழியத்துக்குக் கொல்லிமலை ஊற்றுப்பட்டிக்குப் போனேன். நாங்கள் பதினான்கு பேர். பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்தினோம். கோயில் கூரைக்குப் பெயிண்ட் அடித்தோம். சந்தையில் பாடினோம். கடைசி நாள் எங்கள் வண்டியை ஓட்டிய நத்தானியேல் அண்ணன் சாட்சி சொன்னார். பன்னிரண்டு வருஷம் குடித்தவர், குடித்துவிட்டே ஸ்கூல் வேன் ஓட்டியவர், மனைவியை விறகுக்கட்டையால் அடித்தவர், ஒரே நாளில் ஆண்டவரால் மாற்றப்பட்டவர். 'எழுபது வளைவு, ஒரு திருப்பம்' என்று தலைப்பு வைத்து நான் போட்ட அந்த வீடியோவைத்தான் ஏழு லட்சம் பேர் பார்த்தீர்கள்.

மே 30, சனிக்கிழமை மாலை எக்காளத்தின் கன்வென்ஷன், பெரிய நற்செய்திக் கூட்டம். பெரிய திரையில் முதலில் பழைய சாட்சி, அடுத்து 'இன்று அவர்' என்று புதிதாக நான் எடுத்து வருவது. என் பெயர் திரையில் வரும் என்று அண்ணா சொன்னார். என் பெயர்!

என் தோழி ஷீபாவும் வருகிறாள், டிரைபாட் தூக்க. தினமும் இங்கே நாட்குறிப்பு போடுவேன். கூடவே வாருங்கள்.

மே 20, புதன்

எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஷீபா நாற்பத்து மூன்றாவது வளைவில் வாந்தி எடுத்தாள். நான் அதையும் படம் பிடித்தேன். "ஏட்டி, இதப் போட்டேன்னா ஒன் டிரைபாடு மலைக்குக் கீழ கெடக்கும்" என்றாள்.

கோயிலுக்குப் பின்னால் உள்ள அறையைத் திறந்து கொடுத்தார்கள். போதகர் மாதம் இரண்டு ஞாயிறுதான் வருகிறார், மற்ற நாள் அறை எலிக்குத்தான். நாங்கள் கொண்டுவந்த ரொட்டி ஒரு மணி நேரத்தில் காலி. குழாயில் காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும், அப்போதே பிடித்து வைக்க வேண்டுமாம். நாங்கள் அடித்த பெயிண்ட் முக்கால்வாசி உரிந்துவிட்டது. தகரத்துக்கு எந்தப் பெயிண்ட் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

சோப்பு வாங்கக் கடைக்குப் போனால் கடைக்கார அக்கா என்னை உற்றுப் பார்த்தார்.

"நீதான அந்தக் குடிகாரன் வீடியோ எடுத்த புள்ள?"

மக்களே, மலை உச்சியில் என்னை அடையாளம் தெரிகிறது! "ஆமாக்கா, செல்ஃபி எடுத்துக்கலாமா?" என்றேன். அவர் சோப்பைக் காகிதத்தில் சுற்றிக் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பி வரும்போது ஷீபா, "அவ சிரிக்கவே இல்ல, கவனிச்சியா?" என்றாள்.

மலைக்காரர்களுக்குக் கூச்சம் அதிகம்.

மே 21, வியாழன்

நத்தானியேல் அண்ணனைக் கண்டுபிடித்தாயிற்று! ஆனால் வேனில் இல்லை. சோளக்காட்டுச் சந்தையில், தலையில் சும்மாடு கட்டி, லாரிக்குப் பலாப்பழம் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"எப்சி பாப்பாவா? அட! வளந்துட்டியே!"

பதினான்கு பேரின் பெயரையும் வரிசையாகச் சொல்லி விசாரித்தார். "கண்ணாடி போட்ட தம்பிக்குக் காய்ச்சல் வந்துச்சே, நல்லா இருக்கானா?" எனக்கே அந்தத் தம்பி யார் என்று உடனே நினைவு வரவில்லை. எங்களை ஒரு மூட்டைமேல் உட்கார வைத்து, ஒரு பழத்தை அறுத்து, சுளைகளை இலையில் எடுத்து வைத்தார். நான் டிரைபாடில் கேமராவைப் பொருத்தினேன். அவர் எழுந்து வந்து லென்ஸின்மேல் மெதுவாகக் கையை வைத்தார்.

"வேணாம் பாப்பா."

"ரெண்டே நிமிஷம்ணே. இப்ப எப்படி இருக்கீங்கன்னு மட்டும்."

"அதத்தான் வேணாங்கறேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"வேன் எங்கண்ணே?"

"வேன் ஸ்கூல்ல நிக்குது. வேற ஆளு ஓட்டுறாரு."

"நீங்க ஏன் விட்டுட்டீங்க?"

"கை கொஞ்சம் ஓய்வு கேட்டுச்சு பாப்பா" என்று சொல்லி, தரையில் கிடந்த பழத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனார். அது என் இடுப்பளவு இருந்தது.

ஷீபா சுளையைத் தின்னாமல் என்னையே பார்த்தாள். "ஓய்வு கேட்ட கையாக்கும்."

அவர் களைப்பாக இருந்திருப்பார். நாளைக்கு வீட்டுக்குப் போய்க் கேட்டால் சம்மதிப்பார். மனைவி லேயா அக்காவையும் பக்கத்தில் உட்கார வைத்து எடுத்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

மே 22, வெள்ளி

லேயா அக்கா வாசலில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அருவாமனையை நகர்த்தக்கூட இல்லை.

"வா கண்ணு, வா. விறகுக்கட்டை அந்தா கெடக்குது பாரு, அதையும் ஒரு போட்டோ எடுத்துக்க."

நான் சிரித்தேன். அது சிரிக்கிற இடம் இல்லை என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"எங்களுக்குக் கண்ணாலம் ஆயி பதினாறு வருசம். இந்த மனுசன் என்மேல கைய ஓங்குனதில்ல. நான்தான் ரெண்டு தடவ கரண்டியால சாத்தியிருக்கேன். இப்ப சந்தைக்குப் போனா பொம்பளைங்க என் முதுகத் தடவிப் பாக்கறாளுங்க. 'இப்ப அடிக்கறதில்லையே லேயா'ங்கறாளுங்க. அடிச்சாத்தான நிறுத்தறதுக்கு?"

"அக்கா, அது வந்து..."

"இரு, சொல்லி முடிச்சிர்றேன். எங்கண்ணன் திருப்பூர்ல இருக்கறான். போன்ல பாத்துட்டு அடுத்த பஸ்ல ஏறி வந்து, ஒரு வார்த்த கேக்காம, இவரு சட்டையப் புடிச்சிட்டான். இவரு வாயத் தொறக்கணுமே! சட்டப் பொத்தான் போச்சேன்னு தேடிக்கிட்டு நிக்கறாரு."

வேன் விஷயத்தையும் சொன்னார். ஒரு பிள்ளையின் அப்பாவுக்கு எங்கிருந்தோ அந்த வீடியோ வந்திருக்கிறது. பெற்றோர் குரூப்பில் போட்டுவிட்டார். 'குடிச்சிட்டு நம்ம புள்ளைங்கள வச்சு ஓட்டுனவன்.' அடுத்த வாரமே சாவியை வாங்கிக்கொண்டார்கள். இரண்டு வருஷம் ஆகிறது.

"அண்ணன் உண்மையச் சொல்லியிருக்கலாமேக்கா?"

"அத அவரத்தான் கேளு. 'சின்னப் புள்ளைங்க லேயா, அவ்ளோ தூரத்துல இருந்து வந்து கூரைக்குப் பெயிண்ட் அடிச்சதுங்க, நான் பேசுனா அதுங்க பேரு கெட்டுப்போயிரும்'ங்கறாரு. பெயிண்டு போன வருச மழைக்கே போயிருச்சு. பேரு மட்டும் நிக்கணுமாம்." புளியைக் கூடையில் எறிந்தார். "எனக்கு ஒன்னே ஒன்னு சொல்லு. அந்த வசனத்தையெல்லாம் யாரு எழுதிக் குடுத்தது?"

"டீம்ல எல்லாரும் சேந்துதான்க்கா."

ஷீபா செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வார்த்தைகளைக் கோர்க்க நானும் கொஞ்சம் உதவினேன். அதை மறைக்கவில்லை. கொஞ்சம்தான்.

மே 23, சனி

மழை. துணி காயவில்லை. நேற்றைய குறிப்பை நான் குரூப்பில் போடவில்லை, இனி போடப் போவதும் இல்லை. கேட்பவர்களுக்கு டவர் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

மே 24, ஞாயிறு

ஆராதனைக்கு முப்பது பேர் இருந்திருப்பார்கள். நத்தானியேல் அண்ணன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருடைய அப்பா இந்தக் கோயிலில் உபதேசியாராக, போதகர் வராத நாளில் ஆராதனை நடத்துபவராக இருந்தவர். அண்ணன் சின்ன வயசிலிருந்து வேதபாடம் வாசித்தவர், மூன்று வருஷத்துக்கு முன்பும் அவர்தான் வாசித்தார். இன்று வேறு ஒருவர் வாசித்தார்.

முடிந்ததும் சேலத்திலிருந்து வந்த ஒரு வாலிபர் குழு அவரைச் சூழ்ந்துகொண்டது. வீடியோ பார்த்து வந்தவர்களாம். "இவருதாண்ணே அவரு" என்று ஒருவன் காட்டினான். ஒவ்வொருவராகக் கை கொடுத்தார்கள். ஒருவர் தலையில் கைவைத்து, "இந்தச் சகோதரன் பழைய பாவத்துக்குத் திரும்பாதபடி காத்துக்கொள்ளும்" என்று சத்தமாக ஜெபித்தார். அண்ணன் கண்ணை மூடி, அவர் முடிக்கும்வரை நின்று, ஆமென் சொன்னார்.

நான் கோயிலுக்குப் பின்னால் போய்விட்டேன்.

சரி, எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப் போவதில்லைதானே.

அன்று சாட்சி சொல்ல வேண்டியவர் வேறொரு ஆள். குடியை விட்டு மூன்று மாதம் ஆனவர். அன்று காலை மறுபடியும் குடித்துவிட்டதால் வரவில்லை. கிளாட்சன் அண்ணா நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "சாட்சி இல்லாம வீடியோ ஓடாது தங்கச்சி" என்றார். அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் நத்தானியேல் அண்ணனிடம் ஓடினேன்.

"அண்ணே, ஆண்டவர்கிட்ட வர்றதுக்கு முந்தி உங்க பழைய வாழ்க்கை எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு பாப்பா."

"கெட்ட பழக்கம் ஏதாவது?"

யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "காப்பி நாலு தடவ குடிப்பேன்."

சாட்சி என்றால் முதலில் விழ வேண்டும், பிறகு எழ வேண்டும். நாங்கள் பார்த்து வளர்ந்த எல்லாச் சாட்சியும் அப்படித்தான். விழாதவருக்குச் சொல்ல எதுவும் இல்லை. அதனால் நான் எழுதினேன். டீம் இல்லை. நான். ரூல் நோட்டில் ஒரு தாள், பதினைந்து நிமிஷம். பன்னிரண்டு வருஷம் என்று போட்டது, இயேசுவின் சீஷர்கள் பன்னிரண்டு பேர், கேட்க நன்றாக இருக்கிறது என்பதால். விறகுக்கட்டை, அவர் வீட்டு வாசலில் விறகு அடுக்கி இருந்ததால். வேன், அவர் வேன் ஓட்டுகிறவர் என்பதால்.

படித்துப் பார்த்துவிட்டு, "பொய்யாச்சே பாப்பா" என்றார்.

நான் சொன்னேன்: "நாடகம் மாதிரிண்ணே. கிறிஸ்துமஸ் நாடகத்துல ஏரோது வேஷம் போடறவரு கெட்டவரா? இதப் பாத்து நாலு பேரு குடிய விடுவாங்க. எங்க ஜெபக்குழுவுல மட்டும்தான் காட்டுவோம். உங்க பேரு வராது."

ஊருக்குத் திரும்பியதும் பெயர் இல்லாமல் ஒரு தடவை போட்டேன். இருநூறு பேர்தான் பார்த்தார்கள். அழித்துவிட்டு மறுபடி போட்டேன். பெயர், ஊர், 'ஸ்கூல் வேன் டிரைவர்' எல்லாம் கொட்டை எழுத்தில். அதை யாரும் போடச் சொல்லவில்லை. கிளாட்சன் அண்ணாவுக்கு அவர் பெயர்கூட ஞாபகம் இருந்திருக்காது.

மே 25, திங்கள்

அண்ணன் வேன் ஓட்டிய ஸ்கூலுக்குப் போனோம். லீவு என்றாலும் பிரின்சிபால் வசுமதி மேடம் அட்மிஷனுக்காக உட்கார்ந்திருந்தார். நான் சொல்வதைப் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"எனக்கும் அவரு வந்தா நல்லதுதான்மா. ஏழு வருஷம் ஓட்டுனாரு, வண்டியில ஒரு கீறல் கெடையாது. இப்ப இருக்கறவரு ஓசூருக்குப் போறாரு. ஜூன் ஒன்னு, திங்கக்கெழம பத்து மணிக்கு பேரன்ட்ஸ் மீட்டிங். புது டிரைவர் யாருன்னு அங்கதான் முடிவாகும். அன்னைக்கு வேற ஆளப் போட்டுட்டா அப்புறம் ஒன்னும் செய்ய முடியாது."

"நான் வந்து சொல்றேன் மேடம், எல்லாம் பொய்யின்னு."

"சொல்லு. ஒருத்தர் எழுந்து கேப்பாரு, 'அவரு வாயால சொன்னாரே, அழுதாரே, அது நடிப்புன்னா இப்ப நீ சொல்றது மட்டும் என்ன?'ன்னு. என்ன சொல்லுவ?"

மேடமே தொடர்ந்தார்.

"வெட்டி ஒட்டறவதான நீ. வெட்டாதது ஏதாவது இருக்கா?"

"இல்ல மேடம்" என்றேன். "அழிச்சிட்டேன்."

வெளியே வந்ததும் ஷீபா என் முகத்தைப் பார்க்காமல் முன்னால் நடந்தாள். அறைக்கு வந்து கஞ்சி வைத்தாள். எனக்கு ஊற்றிக் கொடுத்தாள்.

மே 26, செவ்வாய்

கிளாட்சன் அண்ணாவுக்கு போன் செய்தேன். மூன்றாவது தடவைதான் எடுத்தார். நான் எல்லாவற்றையும் சொல்லும்வரை குறுக்கே பேசவில்லை. அவர் குரல் போனிலும் பாட்டு மாதிரிதான் இருக்கும்.

"கஷ்டமாத்தான் இருக்கு தங்கச்சி. அவருக்காக நாம ஜெபிப்போம்."

"வீடியோவ எடுத்துரலாமாண்ணா? சனிக்கிழம போட வேண்டாமாண்ணா?"

"யோசிச்சுப் பேசு. கமெண்ட்ல எத்தன பேரு, 'இதப் பாத்து எங்க அப்பா குடிய விட்டாரு'ன்னு எழுதியிருக்காங்க? நீ இப்ப அது பொய்யின்னா, அந்த அப்பாவெல்லாம் என்ன ஆவாங்க? அந்தப் பிள்ளைங்க என்ன ஆவும்? ஒரு ஆளோட வேலை. இந்தப் பக்கம் எத்தன வீடு."

அந்தக் கமெண்ட்டுகளை நானும் படித்திருக்கிறேன். திருவைகுண்டத்திலிருந்து ஒரு பெண் எழுதினாள், அவள் அப்பா அந்த வீடியோவை எட்டுத் தடவை பார்த்தாராம். அதை நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்.

"நீ நல்லா வருவ எப்சி. இப்ப இதத் தோண்டாத" என்றார். எப்சி என்றார். என்னைப் பெயர் சொல்லி அவர் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. இந்த நிலைமையிலும் எனக்கு ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது, அதை நினைத்தால்தான் கன்னத்தில் அறைந்துகொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

மே 27, புதன்

நான் அழிக்கவில்லை.

ஹார்ட் டிஸ்க் முதல் நாளிலிருந்து என் பையில்தான் இருக்கிறது. பழையதையும் புதியதையும் சேர்த்து வெட்ட வேண்டுமே, எடுத்து வராமல் எப்படி? அதில் அன்று எடுத்தது மொத்தமும் இருக்கிறது. பதினோரு நிமிஷம். காலையில் ஷீபா லேப்டாப்பைத் திறந்து என் முன்னால் வைத்து, "நீயா போடுதியா, நான் போடட்டா?" என்றாள். அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை.

நான் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

அண்ணன் கோயிலுக்குள் ஒரு நாற்காலியில் உட்காருகிறார். சட்டைக் காலரைச் சரிசெய்கிறார். கையில் என் தாள்.

"பாப்பா, எத்தனை வருசம் குடிச்சேன்னு சொல்லணும்?"

என் குரல்: "பன்னெண்டுண்ணே, பன்னெண்டு."

"வேன எடுத்தே ஆறு வருசந்தான ஆவுது? மீதி ஆறு வருசம் எங்க உக்காந்து குடிச்சேன்?"

எல்லோரும் சிரிக்கிறோம். என் குரல்: "அதெல்லாம் யாருண்ணே பாக்கப் போறா."

சொல்கிறார். தப்பாகச் சொல்கிறார். மறுபடி. கிளாட்சன் அண்ணாவின் குரல்: "மனைவிய அடிச்சேன்னு சொல்றப்ப தலையக் குனிஞ்சுக்கோங்கண்ணே. கண்ணீர் வந்தா நல்லாருக்கும்."

"லேயா கேட்டா என்னையக் கொன்னுபோடுவா" என்கிறார். மறுபடி சிரிப்பு.

கண்ணீர் வரவில்லை. எட்டாவது நிமிஷம் வரை வரவில்லை. அப்போது என் குரல், பதினெட்டு வயசுக் குரல், ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக: "அண்ணே, செத்துப்போன உங்க அப்பாவ நெனச்சுக்கோங்க."

அவர் கேமராவைப் பார்க்கிறார். பிறகு தாளைப் பார்க்கிறார். முகம் மெல்ல உடைகிறது. 'பன்னிரண்டு வருஷம் நான் குடிகாரனா இருந்தேன்' என்று தொடங்கி ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறார். ஏழு லட்சம் பேர் பார்த்தது அந்த அழுகையைத்தான். அவர் தன் அப்பாவுக்காக அழுதார்.

கடைசியில், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரியா இருந்துச்சா பாப்பா?" என்று கேட்கிறார்.

"சூப்பர்ண்ணே!" என்று நான் கத்துகிறேன்.

மே 28, வியாழன்

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனோம். போகும் வழியில் நான் சொல்ல வேண்டியதை நாலு விதமாக ஒத்திகை பார்த்தேன். அங்கே போனதும் எதுவும் வரவில்லை.

"லேயாக்கா, அன்னைக்கு டீம்னு சொன்னேன்ல, அது பொய். நான்தான் எழுதினேன். பேரையும் நான்தான் போட்டேன்."

"தெரியும்" என்றார். "அவரு அன்னைக்கே சொன்னாரு. நீ சொல்றியான்னு பாத்தேன்."

பதினோரு நிமிஷமும் ஓட்டிக் காட்டினேன். 'லேயா கேட்டா கொன்னுபோடுவா' என்ற இடத்தில் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அப்பாவை நினைக்கச் சொன்ன இடத்தில் சிரிப்பு நின்றது. அண்ணன் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தார்.

"அண்ணே, இதப் போடலாமான்னு கேக்க வந்தேன். வேணாம்னா வேணாம். பழச நான் எப்படியும் எடுத்துருவேன்."

"இதப் போட்டா அந்தப் பாட்டுப் பாடற தம்பிக்குக் கஷ்டமாயிருமே?"

"பாருடி இவர!" என்று அக்கா ஷீபாவிடம் முறையிட்டார். "தெருவுல நிக்கறது நாம, கஷ்டம் அந்தத் தம்பிக்காம்."

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "போடு பாப்பா. ஆனா ஒன்னு. எங்கயும் வெட்டாத" என்றார்.

"உங்கள ஏமாத்தினது நான்தான்னு முன்னாடி பேசி ஒரு கிளிப் சேத்துர்றேண்ணே. நீங்க 'பொய்யாச்சே'ன்னு சொன்னதுக்கும் நான்தான சாட்சி."

"அதச் சொல்லிக்க. ஆனா தாளப் படிச்சது நான்தான? யாரும் கழுத்துல கத்தி வைக்கல. கோயிலுக்குள்ள உக்காந்து பொய் சொன்னேன். அதுக்குத்தான் நான் கடைசி பெஞ்சுல உக்காந்தது. குடிச்சேன்னு யாரோ சொன்னதுக்கு இல்ல." என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல்: "என்னைய நல்லவனாக்கவும் நீ எடிட் பண்ணாத."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். லேயா அக்காவாவது அந்தக் கரண்டியை எடுத்திருக்கலாம்.

அக்கா புடவையைச் சரிசெய்துகொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். "என்னையவும் எடு. பதினாறு வருசத்துல என் புருசன் என்னைய அடிச்சதில்லன்னு என் வாயால சொல்றேன். எவளாச்சும் இனிமே என் முதுகத் தடவுனா அப்புறம் நடக்கறதுக்கு நான் பொறுப்பில்ல, அதையும் சேத்துக்க."

ஒரே டேக்.

மே 29, வெள்ளி

மக்களே, மேலே உள்ள எல்லாவற்றையும் அந்த வீடியோக்களோடு இன்று காலை மொத்தமாகப் போடுகிறேன். எதையும் திருத்தவில்லை. 'கொஞ்சம்தான்' என்று எழுதியதையும், மேடத்திடம் 'அழிச்சிட்டேன்' என்று புளுகியதையும் அப்படியே விட்டிருக்கிறேன்.

கிளாட்சன் அண்ணாவுக்கு முதலிலேயே அனுப்பிவிட்டேன். பார்த்துவிட்டார், நீல டிக் வந்தது. பதில் வரவில்லை. எக்காளம் குரூப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். நாளை கன்வென்ஷனில் என் பெயர் வராது. அவரைத் திட்டி யாரும் எழுத வேண்டாம். அவர் குனியச் சொன்னார், அழச் சொன்னார். அது வீடியோவிலேயே இருக்கிறது. பெயரைப் போட்டது நான்.

குடியை விட்ட அப்பாக்களுக்கு: திருவைகுண்டத்துத் தங்கைக்கு நேற்றே எழுதினேன். பயந்துகொண்டேதான். "எங்க அப்பா ரெண்டு வருஷமா குடிக்கல, அது எங்க அப்பா செஞ்சது. அந்த அண்ணனுக்கு வேலை கெடச்சிச்சா?" என்று ஒரு வரி பதில் வந்தது.

இன்னும் கிடைக்கவில்லை. அதற்குத்தான் உங்களைக் கேட்கிறேன்.

பழைய வீடியோவை என் சேனலிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் அது மற்றவர்களின் சேனல்களில் இருக்கிறது, சபை குரூப்புகளில், குடும்ப குரூப்புகளில், 'காலை வணக்கம்' படங்களுக்கு நடுவில் சுற்றிக்கொண்டிருக்கிறது. இதுவரை முப்பத்தொன்பது இடங்களைக் கண்டுபிடித்து எழுதியிருக்கிறேன், ஆறு பேர் எடுத்திருக்கிறார்கள். உங்கள் போனில் இருந்தால் அழியுங்கள். நீங்கள் யாருக்காவது அனுப்பியிருந்தால், அதே ஆட்களுக்கு, அதே குரூப்பில், இந்தப் பதினோரு நிமிஷத்தையும் லேயா அக்கா பேசியதையும் அனுப்புங்கள். வெட்டாமல் அனுப்புங்கள். பாட்டு சேர்க்காதீர்கள்.

நாமக்கல், சேந்தமங்கலம், கொல்லிமலைப் பக்கம் சொந்தக்காரர் இருப்பவர்கள் முதலில் அவர்களுக்கு அனுப்புங்கள். அந்த ஸ்கூல் பிள்ளைகளின் அம்மா அப்பா யாரையாவது தெரிந்திருந்தால் போனே செய்யுங்கள். திங்கட்கிழமை நானும் அங்கே போய் நிற்பேன். அவர்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் நிற்பேன். ஆனால் நான் பேசுவதற்கு முன்னால் அவர்கள் இதைப் பார்த்திருக்க வேண்டும்.

கீழே எனக்கு ஆறுதலோ வசவோ எதுவும் எழுத வேண்டாம். எந்தக் குரூப்பில் போட்டீர்கள், எந்த ஊர், அதை மட்டும் எழுதுங்கள். பெற்றோர் கூட்டம் ஜூன் ஒன்று, காலை பத்து மணி. மலையில் வீடியோ இறங்க நேரமாகும், அதனால் ஞாயிறு மத்தியானத்துக்குள் அனுப்பிவிடுங்கள்.